முதல் வெளிநாட்டுப் பயணம்: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, எடுத்த படங்களைக் காப்பாற்றும் வழி

கேள்வி: "பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு எட்டு நாள் சிங்கப்பூர், மலேசியா போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 64 வயது அம்மா. திருச்சியிலிருந்து விமானம். எல்லோருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். என்னென்ன தயார் செய்ய வேண்டும்? கையில் ஒரு கேமரா, மூன்று போன் இருக்கும். போன வருடம் கொடைக்கானலில் எடுத்த படங்களே இன்னும் போனில் அப்படியே கிடக்கின்றன. இந்த முறையாவது படங்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்க வழி சொல்லுங்கள்."

பயணம் ஒன்று, படங்கள் ஒன்று என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். பயணத்தில் பாஸ்போர்ட், பணம், மாத்திரை, படம் எதற்கு ஆபத்து வந்தாலும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லாம் ஒரே பையில், ஒரே போனில், ஒரே கார்டில் இருந்திருக்கும். அந்தப் பை தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. அதனால் நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் எதை எங்கே பிரித்து வைப்பது என்பது பற்றித்தான். படங்களுக்கான வேலையும் பெட்டி கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் படங்கள்தான் கொடைக்கானல் படங்களைப் போல வருடக்கணக்கில் போனில் கிடக்கின்றன.

முதலில் காகிதங்கள். ஐந்து பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்து, காலாவதித் தேதியைப் பாருங்கள். நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். பிள்ளைகள் பாஸ்போர்ட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறுவர்களுக்குக் கொடுப்பது ஐந்து வருடத்துக்குத்தான், பெரியவர்களைப் போலப் பத்து வருடம் அல்ல. அடுத்தது பெயர். நம் பக்கத்தில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இன்ஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் காலி என்றால் எப்படிப் பதிவது என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. டிக்கெட் போடும் முன்பே அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்று திருத்துவது செலவும் பதற்றமும்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி பெற வேண்டும் என்ற குறிப்பு) என்று இருந்தால் பயப்பட வேண்டாம். மலேசியா இசிஆர் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் ஒன்று, உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவர்களுக்கு. சுற்றுலாவுக்குப் போகிறவர் திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டினால் போதும். அதை அச்சடித்து அம்மா கைப்பையிலேயே வைத்துவிடுங்கள். குடியேற்ற வரிசையில் அவர் உங்களிடமிருந்து பிரிந்து நிற்க நேரலாம்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். சென்னையில் உள்ள சிங்கப்பூர் துணைத் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட்டுகள் வழியாக விண்ணப்பிக்கலாம். விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கட்டணம் தனி. போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, பளபளப்பில்லாத தாள், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் "சிங்கப்பூர் விசாவுக்கு" என்று சொல்லியே எடுங்கள், சாஃப்ட் காப்பியையும் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதிக்கிறது. இது நீட்டித்து நீட்டித்துத் தரும் சலுகை என்பதால், டிக்கெட் போடும் முன் ஒருமுறை மலேசியத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டை ஆன்லைனில்தான் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இரண்டுமே இலவசம். தேடும்போது மேலே வரும் சில தளங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் இல்லை, பாஸ்போர்ட் விவரத்தை அங்கே கொடுக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து மலேசியா போய் மறுபடி சிங்கப்பூர் வந்தால் அட்டையை இன்னொரு முறை நிரப்ப வேண்டும், விசாவும் பல நுழைவு விசாவாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சிங்கப்பூரில் இறங்கி, பஸ்ஸில் கோலாலம்பூர் போய், அங்கிருந்தே திருச்சிக்குத் திரும்புவதுதான் நல்லது. இரண்டு ஊரிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஐந்து பேரோடு இன்னொரு முறை எல்லை தாண்டும் அலைச்சல் மிச்சம். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் அவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பணம் வராது.

எல்லாருடைய பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, டிக்கெட், காப்பீடு, டாக்டர் சீட்டு ஆகியவற்றைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் மனைவி போனிலும் வையுங்கள். அதையே உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். ஒரு செட் நகல் பெட்டியில் இருக்கட்டும். அசல் பாஸ்போர்ட் ஐந்தும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம்.

சாப்பாட்டுப் பொருள் விஷயத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கொப்பரைக்கு விமானத்தில் அனுமதி இல்லை. அதன் எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் ஆபத்தான சரக்கு வகையில் வருகிறது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் நன்றாகக் கட்டி வையுங்கள். கசகசாவைச் சிங்கப்பூருக்குக் கொண்டு போகவே வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். சூயிங் கம், மின் சிகரெட் இரண்டும் தடை. யாராவது சிகரெட் வாங்கி வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; சிங்கப்பூரில் ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரிச் சலுகை கிடையாது. அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை இருந்தால் முன்கூட்டியே அங்குள்ள மருந்துத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது "அங்கே என் மகனிடம் கொடுத்துவிடுங்கள்" என்று கட்டிய பொட்டலம் தந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இதில் சங்கடமே படக் கூடாது. சிங்கப்பூரில் போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை உண்டு.

பணத்துக்கு, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, வேறு பையில் ஒரு வங்கி கார்டு, கொஞ்சம் ரொக்கம் போதும். வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறந்துவிட வேண்டும்; ரிசர்வ் வங்கி விதிப்படி அது மூடியே வரும். கடையில் கார்டைத் தேய்க்கும்போது "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் தேவையில்லாமல் அழ வேண்டியிருக்கும். சிங்கப்பூர் ரயிலில் வங்கி கார்டைத் தட்டியே போகலாம், ஆனால் ஒரு கார்டுக்கு ஓர் ஆள்தான். ஐந்து பேருக்கும் ஒரே கார்டைத் தட்ட முடியாது. மற்றவர்களுக்குப் பயண அட்டை வாங்கிவிடுங்கள். அப்புறம், இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கைத் திறந்து, அந்த சிம்மின் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். இணையத்துக்கு இ-சிம் (போனுக்குள்ளேயே பதிவாகும், செருகத் தேவையில்லாத சிம்) எடுத்துக்கொள்ளலாம்.

இனி சார்ஜர். இரண்டு நாட்டிலும் சதுரமான மூன்று பின் பிளக். நம் உருண்டைப் பின் நுழையாது. மின்னழுத்தம் நம்முடையதேதான், அதனால் பிளக்கைப் பொருத்தும் அடாப்டர் மட்டும் போதும். ஐந்து அடாப்டர் வாங்குவதைவிட ஒன்றிரண்டு அடாப்டரும் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் கொண்டு போனால் மூன்று போன், கேமரா பேட்டரி எல்லாம் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை. கடையில் விற்கும் 20,000 எம்ஏஹெச் என்பது 74 வாட்-அவர்தான். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை போட்டிருக்கின்றன. போனை ஏறும் முன்பே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். இறங்கியதும் விசா, ஹோட்டல் விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

சரி, படங்களுக்கு வருவோம். நான் ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

போகும் முன் போன்களைக் காலி செய்யுங்கள். கொடைக்கானல் படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, நாலைந்து படத்தைத் திறந்து பார்த்து, பிறகு போனிலிருந்து எடுங்கள். இடம் இல்லாத போன் சரியான நேரத்தில் கைவிடும். எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வீடியோதான் தீர்மானிக்கிறது. ஐபோனில் 4கே வீடியோவை நொடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. அதையே 30 ஃப்ரேமில் எடுத்தால் 170 எம்பி. சாதாரண 1080 தரத்தில் 30 ஃப்ரேமுக்கு 60 எம்பி. சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை த பே போவீர்கள், இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அங்குள்ள சூப்பர் மரங்கள் என்ற மர வடிவக் கோபுரங்களில் விளக்குக் காட்சி, கிட்டத்தட்ட கால் மணி நேரம். அதை முழுதாக 4கே 60-இல் எடுத்தால் ஒரு காட்சிக்கே 6 ஜிபி போய்விடும். படங்களை இணையத்தில் சேமிக்க கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பங்கு உண்டு. வீட்டில் டிவியில் பார்க்க 4கே 30 தாராளம். ஒரு நிமிடம் எடுத்துவிட்டு மீதியைக் கண்ணால் பாருங்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் முகத்தைப் படமெடுங்கள், அதுதான் பிறகு உங்களுக்கு வேண்டியிருக்கும்.

அடுத்தது கடிகாரம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சிங்கப்பூர், மலேசியா இரண்டும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் மாற்றாது. ஊர் திரும்பி எல்லாப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து நேரப்படி அடுக்கினால், கேமராவில் எடுத்த மதியச் சாப்பாடு போனில் எடுத்த காலைப் படங்களுக்கு நடுவில் வந்து உட்காரும். அதனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் கேமரா கடிகாரத்தை மாற்றுங்கள். அதோடு, போனின் கடிகாரத்தை நொடி தெரியும்படி திறந்து, கேமராவால் அதை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பது அந்த ஒரு படத்திலிருந்தே தெரிந்துவிடும். எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் கேமராப் படங்கள் அனைத்தின் நேரத்தையும் ஒரே தடவையில் நகர்த்திவிடலாம்.

கேமராவுக்கு ஒரே பெரிய கார்டுக்குப் பதில் 64 ஜிபியில் இரண்டு மூன்று கார்டு வாங்குங்கள். ஒன்று போனாலும் எட்டு நாளும் போகாது. நம்பகமான கடையில் வாங்குங்கள். 64 என்று ஒட்டி உள்ளே எட்டோ பதினாறோ இருக்கும் போலிகள் ஏராளம். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல், கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஒவ்வொரு கார்டிலும் முதல் படமாக ஒரு தாளில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதிப் படமெடுத்து வையுங்கள். கார்டோ கேமராவோ தொலைந்து நல்ல மனிதர் கையில் கிடைத்தால், அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். விமான நிலைய எக்ஸ்-ரே கார்டை ஒன்றும் செய்யாது. ஃபிலிம் ரோல் என்றால்தான் கவலை.

அங்கே போன பின் ஒவ்வொரு இரவும் கால் மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. இதைச் செய்தால் மற்றதெல்லாம் தானே நடக்கும். போன்களை ஹோட்டல் வைஃபையில் இணைத்து, கூகுள் போட்டோஸ் அல்லது ஐக்ளவுட் பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆப்பைத் திறந்து, இன்றைய கடைசிப் படம் மேலே ஏறிவிட்டதா என்று நேரில் பார்க்க வேண்டும், தானாக ஏறியிருக்கும் என்று நம்பித் தூங்கக் கூடாது. ஹோட்டல் வைஃபை பாதியில் நின்றுவிடும், அல்லது 15 ஜிபி நிறைந்து பேக்கப் சத்தமில்லாமல் நின்றிருக்கும். கூடுதல் இடத்துக்காக ஒரு மாதச் சந்தா எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. கேமரா கார்டில் உள்ள அன்றைய படங்களை ஒரு சிறிய கார்டு ரீடர் மூலம் போனுக்கோ, போனில் செருகும் சிறிய எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்துக்கோ காப்பி செய்யுங்கள். உங்கள் போன் அந்தக் கார்டையும் எஸ்எஸ்டியையும் படிக்கிறதா என்று திருச்சியிலேயே சோதித்துவிடுங்கள். காப்பி ஆன பிறகும் கார்டை அழிக்காதீர்கள். கார்டு உங்கள் பையில், எஸ்எஸ்டி மனைவி பையில். பகலில் வெளியே போகும்போது ஒன்று அறையின் லாக்கரில் இருக்கட்டும்.

போட்டோகிராஃபர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறை என்று ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். நீங்கள் கார்டு, எஸ்எஸ்டி, கிளவுட் (கூகுள் போட்டோஸ், ஐக்ளவுட் போன்ற இணையச் சேமிப்பு) என்று வைத்தால் அது தானே நிறைவேறிவிடுகிறது. கேமராப் படங்கள் முழுவதையும் கிளவுடில் ஏற்ற முடியாவிட்டாலும், அன்றைய நாளின் நல்ல படங்கள் இருபதைப் போனுக்கு மாற்றிவிட்டால் அவையாவது மேலே போய்விடும்.

கூகுள் போட்டோஸில் ஒரு பொறி இருக்கிறது. பேக்கப் ஆகிவிட்டதே என்று அந்த ஆப்புக்குள்ளேயே படத்தை அழித்தால், போனிலிருந்தும் போகும், கிளவுடிலிருந்தும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" வசதியைப் பயன்படுத்த வேண்டும். பேக்கப் ஆன படத்தைத் தவறி அழித்தால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். ஐபோனிலும் இப்படித்தான், ஐக்ளவுட் போட்டோஸ் திறந்திருந்தால் ஒரு சாதனத்தில் அழித்தது எல்லாவற்றிலும் அழியும்.

படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில மட்டும் சொல்கிறேன். குடியேற்றக் கூடத்தில், விமான நிலையத்திலும் சரி, உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லையிலும் சரி, போனை வெளியே எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். கார்டன்ஸ் பை த பேயில் உள்ள கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடம் உள்ளே ஜில்லென்று இருக்கும். அங்கிருந்து வெளியே வந்ததும் வெளிக்காற்றின் ஈரம் லென்ஸில் ஆவியாகப் படியும். துணியால் தேய்க்க வேண்டாம், கேமராவைப் பைக்குள் மூடியபடி கால் மணி நேரம் விட்டால் தானே தெளியும். ஹோட்டல் ஏசியிலிருந்து காலையில் கிளம்பும்போதும் இதேதான். பத்து மலையில் 272 படி. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். அம்மாவால் ஏற முடியாவிட்டால் கீழே 42.7 மீட்டர் உயர முருகன் சிலை அருகிலேயே அவரோடு ஒருவர் இருக்கலாம், கீழேயும் சன்னதிகள் உண்டு. குரங்குகள் கையில் தொங்கும் எதையும் பிடுங்கும். படியில் கேமரா பட்டை கழுத்தில் இருக்கட்டும், தின்பண்டப் பை வெளியே தெரிய வேண்டாம். பெட்ரோனாஸ் கோபுரம் 452 மீட்டர். அடியில் நின்றால் ஃப்ரேமுக்குள் அடங்காது. பின்னால் உள்ள கேஎல்சிசி பூங்காவின் மறு ஓரத்துக்கு நடந்து போனால் குடும்பமும் கோபுரமும் சேர்ந்து வரும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போர்டிங் பாஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அதில் உள்ள பிஎன்ஆர் எண்ணும் பெயரும் இருந்தால் வேறொருவர் உங்கள் புக்கிங்குக்குள் நுழைய முடியும். எட்டு நாள் வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே அறிவிக்கவும் வேண்டாம். படங்களைத் திரும்பி வந்து போடலாம், நெருங்கிய சொந்தத்துக்குத் தனியாக அனுப்பலாம்.

வாட்ஸ்அப்பை அனுப்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பதற்கு அல்ல. சாதாரணமாக அனுப்பினால் படம் நீளவாக்கில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்குகிறது, எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. உங்கள் மனைவி எடுத்த படம் உங்களுக்கு அசலாக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பக்கத்திலேயே இருப்பதால் குவிக் ஷேர், ஏர்டிராப்பில் வாங்குங்கள். அதைவிட எளிது, முதல் நாளே கூகுள் போட்டோஸில் ஒரு கூட்டு ஆல்பம் திறந்து மூன்று போனையும் அதில் சேர்த்துவிடுவது.

ஊர் திரும்பிய பிறகு என்ன நடக்கும் என்பதை என் கடைக்கு வந்த ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அவர்களிடம் இரண்டு கார்டு. கேமரா, கார்டு மாற்றும்போதெல்லாம் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்படி அமைந்திருந்தது. ஆக இரண்டு கார்டிலும் டிஎஸ்சி_0001 முதல் அதே பெயர்கள். முதல் கார்டை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டார்கள். அந்தக் கார்டைக் காலி செய்து, மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாவது கார்டை அதே ஃபோல்டருக்குள் இழுத்துவிட்டபோது, "இதே பெயரில் கோப்புகள் இருக்கின்றன, மாற்றவா?" என்று லேப்டாப் கேட்டது. மாற்று என்று அழுத்திவிட்டார்கள். பயணத்தின் முதல் பாதி அந்த நொடியில் போனது. ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை வைத்துக் கார்டைத் துழாவிப் பார்த்தேன். ஆண்டு விழா வீடியோ மேலே எழுதப்பட்டிருந்ததால், ஓரத்தில் தப்பிய பதினைந்து இருபது படம்தான் கிடைத்தது. அழிந்த கார்டில் வேறு எதையும் எழுதாமல் அப்படியே எடுத்து வந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேமராவில் கோப்பு எண் "தொடர்ச்சி" என்ற அமைப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 9999 தாண்டினால் எப்படியும் 0001-க்குத் திரும்பும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு கார்டுக்கும், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி ஃபோல்டர் போடுங்கள். மேல் ஃபோல்டருக்கு வருடம், மாதம், இடம் என்ற வரிசையில் பெயர் வைத்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும். தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் பென் டிரைவை நேரே டிவியில் செருகிப் பார்ப்பவராக இருந்தால், சில டிவிகள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி வடிவில் இருந்தால் பழைய விண்டோஸ் கணினியில் திறக்காமல் போகலாம். அசலை அப்படியே வைத்துக்கொண்டு, பகிர வேண்டியவற்றை மட்டும் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்; இரண்டிலும் ஏறி, திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்.

படங்களைக் கழிக்கும் வேலையை வந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்குங்கள். நாள் கடந்தால் எந்தத் தெரு, எந்தக் கோயில் என்பதே மறந்துவிடும். முதல் சுற்றில் மங்கியவை, கண் மூடியவை, ஒரே காட்சியில் பத்து எடுத்ததில் எட்டு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். அடுத்த சுற்றில் அழிக்க வேண்டாம். பிடித்தவற்றுக்கு நட்சத்திரம் மட்டும் போடுங்கள். நூறு படம் தேறினால் போதும், அதுதான் சொந்தக்காரர்களுக்குக் காட்டும் தொகுப்பு. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தில் இருப்பவர் யார், அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்வதைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் சந்தித்த தூரத்து உறவினர் பெயரெல்லாம் அவருக்குத்தான் நினைவிருக்கும். கூகுள் போட்டோஸில் எழுதும் குறிப்பு, பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகத் தரவிறக்கினால் படத்துக்குள் வராது, பக்கத்தில் தனிக் கோப்பாக வரும். எனவே முக்கியமான குறிப்புகளைக் கணினியிலேயே, படத்தின் தகவல் பகுதியில் எழுதி வைப்பது நிலைக்கும்.

அந்த நூறிலிருந்து முப்பது நாற்பதை அச்சடியுங்கள். இதை என் தொழிலுக்காகச் சொல்லவில்லை, ஆல்பத்தைத்தான் அம்மா எடுத்துப் பார்ப்பார். 4-க்கு 6 அங்குலத்துக்கு 1200-க்கு 1800 பிக்சல் இருந்தால் போதும். பெரிதாக 12-க்கு 18 போடுவதென்றால் அசல் கோப்பைத்தான் தர வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்ததைத் தந்தால் முகம் பிசிறும். இன்னொரு விஷயம்: போன் படம் 4:3 விகிதம், 4-க்கு 6 தாள் 3:2. அப்படியே அச்சுக்குப் போனால் கிடைமட்டமாக எடுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்பவர் தலை போய்விடும். "கட் பண்ணாமல், ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடுங்கள்" என்று லேபில் சொல்லுங்கள், அல்லது எங்கே வெட்டலாம் என்று நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை உங்கள் வீட்டில் வைக்காமல் தம்பி வீட்டிலோ மாமனார் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்குப் போகும்போது வாங்கி, லேப்டாப்பில் செருகி, நாலு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திறக்க நேரம் பிடித்தாலோ உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ அன்றைக்கே புதிய டிஸ்க் வாங்கி மாற்றிவிடுங்கள்.